சேவியர் சொல்லச் சொல்ல மாற்றிய ஃபோர்க் ஆயில்

பைக்கின் முன்சக்கர ஷாக் அப்சார்பர் குழாய்க்குள் ஊற்றும் ஃபோர்க் ஆயில், அது பழசானதும் முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அழுகின மீன் வாடை அடிக்கும். சாம்பல் நிறத்தில், கொழகொழவென்று... சேலையில் பட்டால் எந்த சோப்புக்கும் போகாது.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் இருந்த காலம். என் வீட்டுக்காரர் சேவியர் எஸ்டேட் ஜீப் டிரைவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துவிட்டால் வேறு ஆள். யாரோ ஓட்டித் தேய்த்த டர்ட் பைக் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். சேறும் கல்லுமான மலைப்பாதையில் அதை ஏற்றி இறக்குவதுதான் அவருக்குச் சொர்க்கம்.

அன்றைக்கு மழை நசநசவென்று விடாமல் பெய்தது.

"முன்னாடி ரொம்ப அமுங்குது புள்ள. பிரேக் புடிச்சா ஆளையே குப்புறத் தள்ளுது. ஆயில் மாத்திருவோம்" என்றார்.

வீட்டு முன்னால் தகரக் கூரைக்கு அடியில், பைக்கை மரப்பெட்டி மேல் ஏற்றினோம். ஃபோர்க் குழாய்களின் மூடியை ஸ்பானர் போட்டு, உடம்பு பாரத்தால் அழுத்தித் தளர்த்தினார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு குழாய்களையும் உருவி எடுத்தோம்.

இனி மூடியைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். அவர் திருகினார்... விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பத் திருகினார். வரவில்லை.

"மழைக்குக் கை வெறைச்சுப் போச்சு. நீ திருகு."

நான் திருகினேன். பாட்டில் மூடி மாதிரி வந்துவிட்டது.

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பழைய ஆயிலைச் சட்டியில் கொட்டக் குழாயைச் சாய்த்தபோது அது பிடி நழுவி சிமென்ட் தரையில் உருண்டது. என் சேலையெல்லாம் ஆயில்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"ஸ்பானர் புடிச்சாத்தான் தெரியுது. மழை முடியட்டும், டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

அவர் எனக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். புது ஆயிலை ஊற்றி, மிச்ச வேலையை நான் செய்தேன்.

"மேலயும் கீழயும் இழுத்து இழுத்து வுடு. உள்ள காத்து நிக்கக் கூடாது... ஸ்கேல உள்ள வுட்டுப் பாரு. ரெண்டு குழாயிலயும் ஒரே மட்டம் வரணும்."

இருவரும் ஆயிலைப் பற்றி மட்டும்தான் பேசினோம். ஆயிலைத் தவிர உலகத்தில் வேறு கவலையே இல்லாத மாதிரி.

எல்லாம் பூட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரை அழுத்திப் பார்த்தார். "நிதானமா எறங்கி ஏறுது. நீ மெக்கானிக் ஆயிட்ட புள்ள" என்றார். மழையிலேயே வளைவு வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் சந்தோஷம்.

கிளட்ச் பிடிக்க முடியாமல் போகும்வரை இன்னும் சில ஞாயிறுகள் ஓட்டினார்.

நரம்பு நோய் என்று கோட்டயத்தில் டாக்டர் சொன்னார். மெல்ல மெல்லக் கூடும் என்றார் மலையாளத்தில். 'கூடும்' என்ற சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான்... யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அப்புறம் சோற்றை அள்ள முடியவில்லை. கடைசியில் பேச்சும் போய்விட்டது. பைக்கை வாங்க ஆள் வந்த அன்று, கொடுத்துவிடு என்று கண்ணாலேயே சொன்னார். ஸ்டார்ட் செய்த சத்தம் கேட்டதும் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார்.

போன ஆடி மழையில் அவரும் போய்விட்டார்.

இப்போது நெடுங்கண்டத்தில் வாடகை வீடு. எஸ்டேட் பாதைக்கு கான்கிரீட் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. கேஸ் சிலிண்டர் நானே மாட்டுகிறேன். குழாய்க்கு வாஷர் போடுகிறேன். ஸ்கூட்டரில் பிளக் கழற்றித் துடைக்கிறேன். அப்போது அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது... இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் வேலை முடிந்து நிமிரும்போது, ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.