சிவகாசியில் அச்சேறிய சுல்தான்

1959, புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ் ஏறும்போதே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. தின்ற இட்லியின் மேல் பழி போட முடியாது. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் புத்தகம் எழுதிவிட்டான். கிழக்கத்திய மன்னர்களின் ஆட்சியையும் முஸ்லிம் சுல்தான்களின் ஆட்சியையும் மேல்நாட்டு அரசியல் அறிஞர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பது பொருள். பத்து வருஷமாக நான் குறிப்பெடுத்துக்கொண்டே இருக்கும் பொருள். "புரூப் பார்க்க உன்னை விட்டால் ஆளில்லை, வா" என்று கார்டு வேறு போட்டிருந்தான்.

விருதுநகர் இருபத்தெட்டு மைல், எண்பத்தைந்து நயா பைசா. பஸ் நிலையத்தில் மிளகாய் வற்றல் நெடி மூக்கைப் பிடுங்கியது. அங்கிருந்து சிவகாசி பதினாறு மைல். கண்டக்டர் ஐம்பது பைசா வாங்கிக்கொண்டு, "சீசன் சார், லாரிக்கு வழிவிட்டுத்தான் போவோம். நேரமாகும்" என்றார். ஆமத்தூர் தாண்டுவதற்குள் பட்டாசு லோடு லாரிகள் ஆறு எதிரே வந்தன. நதியில்லாத, மழையில்லாத கரிசல் பூமி. ஆனால் பஸ்ஸில் சும்மா கை கட்டி உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை, எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு வேலை இருந்தது. வைகைக்கரைக்காரனான எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பதினொரு மணிக்கு அச்சகம். நண்பன் காகிதம் வாங்கப் போயிருந்தான். போர்மேன் புரூப்பை என் கையில் திணித்து, "ஒங்க கூட்டாளி ஒங்களத்தான் பாக்கச் சொன்னாக. மூணு மணிக்கு மிஷின்ல ஏத்திருவோம்" என்றார்.

படித்தேன். பாவி, நன்றாகத்தான் எழுதியிருந்தான். துருக்கி வலுவாயிருந்த காலத்தில் அங்கே போன ஐரோப்பியத் தூதர்கள், ஆட்டிடையன் மகனும் திறமையால் அங்கே மந்திரியாகலாம் என்று ஏக்கத்தோடு எழுதியதைச் சொல்லியிருந்தான். துருக்கியின் வலு குறைந்ததும் அதே ஆட்சி ஐரோப்பியர் எழுத்தில் அச்சத்தால் நடக்கும் கொடுங்கோன்மையாகிப் போனதையும் சொல்லியிருந்தான். நாற்பத்திரண்டாம் பக்கத்தில்தான் எனக்கு விருந்து கிடைத்தது. அந்த ஆட்சியைக் கொடுங்கோன்மை என்று பெரிய நூலில் எழுதிய பிரெஞ்சுக்காரர் சுல்தானின் அரண்மனையை நேரில் பார்த்தவர் என்று எழுதியிருந்தான். அவர் துருக்கி மண்ணையே மிதித்ததில்லை. பிறர் எழுதிய பயண நூல்களைப் படித்து எழுதியவர். விஷயம் தெரிந்தவர்கள் கண்ணில் இந்த ஒரு வரி பட்டால் போதும், புத்தகம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அதைத் திருத்தாமலே பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். மனசு குளுகுளு என்றிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அச்சகத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் சண்முகையா என்ற ஓவியர் பூதக்கண்ணாடி வைத்துத் தீப்பெட்டி லேபிள் வரைந்துகொண்டிருந்தார். தலைப்பாகையும் வாளுமாக ஒரு சுல்தான்.

"இவரை எங்கே பார்த்தீங்க?" என்றேன்.

"நான் எங்கன பாத்தேன், சார்? அடுத்த கம்பெனி லேபிளப் பாத்துத்தான் வரையறேன். அவுகளுக்கு ஆர்டர் குவியுது. இத வரையச் சொன்னவுகளுக்குப் பொறுக்கல. அதே மாதிரி வேணும், ஆனா அது இல்லேன்னும் தெரியணும்னாக. மீசைய முறுக்கி, கண்ண உருட்டி விட்டுட்டேன்."

"ரொம்பக் கொடுமைக்காரரா ஆயிட்டாரே?"

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விக்காத லேபிள யாரு சார் இம்புட்டு நேரம் உத்துப் பாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக நான் உற்றுப் பார்த்தது சுல்தானையா, என் நண்பனையா? அவன் என்ன படிக்கிறான், எங்கே பேசுகிறான், யார் கைதட்டினார்கள் என்று அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவனுக்கும் மீசையை நானாக முறுக்கிவிட்டிருந்தேன்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்து, 'நேரில் பார்க்காமலே எழுதியவர்' என்று திருத்தினேன். கை மட்டும் பிடிவாதமாக மெதுவாக எழுதியது.

நண்பன் வியர்த்து விறுவிறுத்து வந்தான். திருத்தத்தைப் பார்த்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "ஏலே, மானத்தக் காப்பாத்திட்டலே! அப்ப அந்தாளு பாக்காமலேயா எழுதுனான்? நம்ம சண்முகையா சுல்தான் மாதிரியில்ல இருக்கு!" சொன்னவன் அங்கேயே நின்றபடி அந்த உவமையைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிப் போர்மேனிடம் கொடுத்துவிட்டான்.

சண்முகையாவிடம் பேசியதிலிருந்து, எழுதப்போகும் என் கட்டுரைக்கென்று நான் பொத்தி வைத்திருந்த உவமை அது.

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். புத்தகம் வந்துவிட்டது, நன்றாக விற்கிறதாம். எல்லோரும் அந்த லேபிள் உவமையைத்தான் பாராட்டுகிறார்களாம். முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறான், முழுப் பெயரோடு. நான் இந்தக் கட்டுரையில் அவன் பெயரை எங்கும் எழுதவில்லை. எழுதினால் நீங்களும் போய் வாங்கிவிடுவீர்கள்.