பாட்டிலில் வந்த முழங்கால்

லேப் வேலையில் எங்களுக்கு நோயாளியைத் தெரியாது, பாட்டிலைத்தான் தெரியும். ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி ஜன்னலில் கால் கடுக்க நின்றவர்களே, உள்ளே இருந்தவளுக்கும் அந்த ரிப்போர்ட் லேசில்லை, நம்புங்கள்.

கங்கா ஜலம்

எழுபதுகளின் கடைசி. தில்லியில் எங்கள் ஆஸ்பத்திரியில், அறுத்தெடுத்த சதையைச் சொந்தக்காரர்களே லேபுக்குக் கொண்டுவர வேண்டும். சங்கரன் என்கிற நோயாளியின் முழங்கால் கட்டியிலிருந்து சோதனைக்குத் துளி சதை எடுத்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை, லேப் மூடியாச்சு. அவர் மனைவி கமலா பாட்டிலைக் கிட்வாய் நகர் வீட்டில் வைத்திருந்து திங்களன்று நீட்டினாள். திறந்தால் ஒரே அழுகல் நாற்றம். மே மாத வெயில் வேறு. சதை கெடாமலிருக்க ஊற்றிய மருந்து எங்கே போச்சு என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். பாவி நான், கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம்.

"கண்ணெல்லாம் எரிஞ்சுது மாமி, விஷமோன்னு கொட்டிட்டேன். ஹரித்வார் கங்கா ஜலம் கெடவே கெடாதேன்னு அதை ஊத்தினேன். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ!"

ஆறிப்போன டீ

சதை போதவில்லை என்று சங்கரனிடம் ஒரு பொய். மறுபடி கத்தி வைக்க இரண்டு வாரம் ஆனது. எங்கள் பஞ்சாபி டாக்டர் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, டீ ஆறிப்போனது. மூட்டின் உள்சவ்வில் வருகிற புற்றாம், அபூர்வமாம். நீர்க்கட்டி என்று நம்பி ஒரு வருஷம் ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். காலைத் தொடையோடு எடுக்க வேண்டும் என்றார். முதல் பாட்டில் கெடாமல் இருந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று கேட்டேன். சகோதரி என்று ஹிந்தியில் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

"அதை மட்டும் கேக்காதே, பஹன்ஜி."

வார்டில்

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் பயந்து பயந்துதான் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஐயோ, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கமலா பிளாஸ்க் கழுவப் போயிருந்தாள். சங்கரன் வாசலைப் பார்த்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அன்னிக்கு அவ பாட்டிலைக் கொட்டினதைப் படுத்துண்டு பார்த்துண்டுதான் இருந்தேன் மாமி. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்கோ, பாவம், தாங்க மாட்டா."

இத்தனை வருஷ லேப் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம், அந்த இரண்டு பேரிடமும் வாயைத் திறக்காமல் இருந்தது ஒன்றுதான்.