இறைச்சிச் சட்டி ஏறாத வெள்ளி

மன்னார் அரசாங்கக் கச்சேரியில் அதிகாரித் துரையைப் பார்க்கப் போகிற வழி. வங்காலையில் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைகிறேன். பசி வயிற்றைப் பிடுங்குகிறது. தபசுகாலத்து வெள்ளி, கிறிஸ்தவனான நான் இறைச்சி தொடக்கூடாது. காற்றடிப்பதால் ஒரு கிழமையாய் யாரும் கடலுக்குப் போகவில்லை, மீனும் இராது. கடைக்காரரோ முஸ்லிம். எனக்குப் பயம்தான். அண்ணன் முறை வைத்துக் கேட்கிறேன்.

"நானா, அகப்பை இறைச்சிச் சட்டியிலை பட்டதோ?"

"இறைச்சிச் சட்டி அடுப்பிலையே ஏறேல்லைத் தம்பி. இண்டைக்கு வாறதெல்லாம் வேதக்கார ஆக்கள். வாசம் பிடிச்சா அவையின்ரை மனம் அலையுமெல்லோ?" என்று சிரிக்கிறார்.

சோறும் முருங்கைக்காய்க் கறியும் இலையில் விழுகின்றன. உதடு காய்ந்த அந்த மனிதர் நான் வாயில் வைப்பதையே பார்த்து நிற்கிறார். எதையாவது ஒளிக்கிறாரோ என்று மறுபடி கலங்குகிறேன்.

"உப்புக் காணுமோ? சொல்லுங்கோ. எங்களுக்கு நோன்பு மாசம், நான் ருசி பார்க்கேல்லை."