சுகிர்தத்தின் தலைமுடி

இராக்கம்மாவைப் போலப் பயந்தவளை நான் கண்டதில்லை. நானும் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. அட்டைக்குப் பயம், கங்காணியின் குரலுக்குப் பயம், அடைமழையில் நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் நிற்கிற மண்மேட்டுக்குப் பயம். ஆனால் என் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவற்றின் மேல். அவளுடையது வேறு மாதிரி. பிள்ளை ஒரு தும்மல் தும்மினால் போதும், முகம் வெளுத்து, வானத்தை ஒரு தரம் பார்ப்பாள், மலையை ஒரு தரம் பார்ப்பாள். எந்தப் பக்கத்திலிருந்து அடி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது.

மடுல்சீமையில் பஸ் எட்டிப் பார்க்காத ஒரு தேயிலைத் தோட்டம் எங்களுடையது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருசம் ஆகியிருந்த காலம். லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவும் என்னுடையதும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. அவள் புருஷன் மாசிலாமணி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், தாத்தா காலத்திலிருந்து யேசு சாமியைக் கும்பிடுகிற வேதக்காரன். இவள் முனியாண்டியைக் கும்பிடுகிற வீட்டிலிருந்து வந்தவள். கலியாணமாகி முதல் இரண்டு பிள்ளைகளும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. மூன்றாவது வயிற்றில் இருந்தபோது, கொழுந்து மலையில் மரத்தடியில் சூலம் நட்டிருக்கும் முனியாண்டியிடம் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு வேண்டுதல் வைத்தாள். இந்தப் பிள்ளை தங்கினால் அதன் முதல் முடியை உனக்கே இறக்குகிறேன் என்று. பிள்ளை தங்கியது. சுகிர்தம் என்று பெயர் வைத்தார்கள்.

முடி இறக்குவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அவளுக்கே ஜெபவீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. அங்கே உட்கார்ந்தால் செத்த பிள்ளைகளை நினைத்து வாய்விட்டு அழ முடிகிறது அக்கா என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஈரப் புடவையை மாற்றும்போதுதான் அவளுக்கு அந்த வேண்டுதல் ஞாபகம் வந்ததாம்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். முடியை முனியாண்டிக்கு இறக்கினால் யேசு சாமிக்குக் கோபம் வரும். சும்மா வெட்டிப் போட்டால் முனி விடமாட்டார். யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? பிள்ளையின் முடியில் கத்திரிக்கோலே படாமல் விட்டுவிடுவது. இறக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம், இரண்டு பக்கமும் பகை வராது. ஏதோ பெரிய வக்கீல் மாதிரி வழி கண்டுபிடித்துவிட்டாள் மகராசி!

முடி வளர்ந்தது. சுகிர்தம் ஆறு வயதை எட்டியபோது இடுப்புக்குக் கீழே தொங்கியது. மாசிலாமணிக்குப் பெருமை பிடிபடவில்லை. தாய்க்குப் பிள்ளையின் முடி மேல் ஆசை என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்கள் மலையில் பாதி நாள் பனிமூட்டம், மீதி நாள் மழை. அவ்வளவு முடி எப்படிக் காயும்? அடுப்புப் புகையில் காட்டுவாள், சாக்கால் துவட்டுவாள், அது ஈரமாகவே கிடக்கும். பிள்ளை சொறிந்து சொறிந்து அழும்.

"எனக்கும் கட்டையா வெட்டி விடும்மா."

"அது ஒன்னோட முடி இல்லடி. தொடாத!"

ஒரு தடவை யாருக்கும் தெரியாமல் முனியாண்டி பூசாரியிடம் போய், சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம். "சின்னப் புள்ள முடிக்கு அலையிற சாமியா அது? மனசிருந்தா செய்யி, இல்லாட்டி விடு தாயி" என்று சொல்லியிருக்கிறார். முனியாண்டியைக் கும்பிடுகிற எங்கள் லயத்துச் சனம் பொங்கல் வைத்து, கூடிச் சாப்பிட்டு, சந்தோசமாகத்தான் இருந்தது. இவள்தான் அந்தப் பேச்சையும் நம்பவில்லை. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தாள்.

ஜெபவீட்டிலாவது நிம்மதி கிடைத்ததா என்றால், அங்கே உபதேசியார் இருந்தார். பதுளையிலிருந்து மாதம் ஒரு தரம் வருவார். நல்ல மனுசன்தான். ஆனால் பிரசங்க மேடையில் ஏறினால் கடவுளின் கண்ணையும் கடவுளின் கோபத்தையும் விட்டு இறங்கமாட்டார். மறைவான பாவத்துக்குத் தப்பவே முடியாது என்று மேசையில் ஓங்கி அடித்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அவர் பாட்டுக்கு மலை இறங்கிப் போய்விடுவார். தூக்கம் கெடுவது இராக்கம்மாவுக்கு. கடைசியில் மட்டும், மனசு புதிதாக வேண்டும், நினைக்கிற விதமே மாற வேண்டும், அப்போதுதான் வளர்ச்சி என்று ஒரு வார்த்தை சொல்வார். அது எப்படி மாறும் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் ஜெபம் எனக்குக் கேட்கும். "அடிச்சிறாதீங்க ஆண்டவரே, என் புள்ளைய அடிச்சிறாதீங்க." தினமும் அதுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. ஞானஸ்நானத்தில் அவள் தலை நனைந்தது, தலைக்குள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. கும்பிடுகிற சாமியை மாற்றினாள். பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து புதுச் சாமியின் காலடியில் வைத்துவிட்டாள்.

அந்த வருசம் மழை விடாமல் பெய்தது. இராக்கம்மா பிள்ளையின் தலையில் துணி கட்டிவிடத் தொடங்கினாள். குளிருக்கு என்றாள். ஒரு நாள் காலையில், நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்து ஆயா, சுகிர்தம் சுருண்டு படுத்துக்கிடக்கிறாள் என்று மலைக்கு ஆள் அனுப்பினாள். நானும் இராக்கம்மாவும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். பிள்ளையின் உடம்பு கொதித்தது. கழுத்தில் நெறி கட்டி வீங்கியிருந்தது. நான் தலைத்துணியை இழுத்தேன். இராக்கம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தாள், நான் விடவில்லை. முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், அடியில் சீழ். வாடை குப்பென்று அடித்தது.

"அடி பாவி, இத மூடியா வச்சிருந்த?" என்று கத்தினேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். குறுக்குப் பாதை முனியாண்டி மரத்தைத் தாண்டித்தான் போகிறது. பனிமூட்டத்தில் மரம் தெரியவில்லை, சூலத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அவள் அங்கே நின்றுவிட்டாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த இடத்தில் வைத்துத்தான் வேண்டுதல் கதையை முழுதும் கொட்டினாள். "அவருக்குச் சேர வேண்டியத நான் குடுக்கல அக்கா. இப்ப ஆஸ்பத்திரியில வெட்டிப்புட்டா புள்ள இருக்காது. முனிகிட்ட போனா யேசு சாமி இருக்க விடமாட்டாரு. நான் எங்கிட்டுப் போவேன்?" தர்க்கம் பேசுகிற நேரமா அது? அவள் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் ஜெயமலர் மிஸ்ஸி இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். நர்ஸ் என்றால் எங்களுக்கு மிஸ்ஸிதான். தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது? ஏன் இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை? முடியை முழுக்க எடுக்காமல் மருந்து போடேலாது. விசம் உடம்பில ஏறத் தொடங்கியிட்டுது. பிள்ளையைப் பிடியுங்கோ."

கத்திரிக்கோலை எடுத்தார். இராக்கம்மா போட்ட அலறலில் வெளியே நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள். பிள்ளையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் ஒண்டினாள். "வேணாம் மிஸ்ஸி, வெட்டாதீங்க, செத்துரும், என் புள்ள செத்துரும்!"

"வெட்டாட்டித்தான் சாகும்!" என்று ஜெயமலரும் கத்தினார்.

அப்போது சுகிர்தம் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலில் கண் இரண்டும் சிவந்திருந்தன. தாயின் முகத்தைப் பார்த்து, பிள்ளைகள் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"வெட்டுனா என்னைய யாரும்மா கொல்லுவா? முனியா, யேசு சாமியா?"

இராக்கம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் என்ன நினைத்தாள் என்று பிற்பாடு கொழுந்து பறித்துக்கொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறாள். யேசு சாமிதான் என்று சொல்ல நாக்கு வந்துவிட்டதாம். வந்த சொல்லைத் தன் காதால் கேட்பதற்கு முன்னாலேயே உடம்பெல்லாம் ஆடிவிட்டதாம். இத்தனை நாளும் கும்பிட்டது யாரை? பிள்ளைகளை மடியில் ஏற்றிக்கொண்டவர் என்று ஓய்வுநாள் பள்ளியில் சுகிர்தத்துக்குப் படம் காட்டுகிறார்களே, அவரையா? இல்லை, பிள்ளை பிடிக்கிறவன் ஒருவனுக்கு அந்தப் பெயரை வைத்துக் கும்பிட்டாளா? அதைவிடப் பெரிய பயம் அடுத்து வந்தது. இந்தப் பிள்ளையும் அப்படியே நம்புகிறது. சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

"யாரும் கொல்ல மாட்டாங்கடி" என்றாள். மறுபடியும் சொன்னாள். பிறகு மிஸ்ஸியிடம் கையை நீட்டினாள். "குடுங்க மிஸ்ஸி. நானே வெட்டுறேன்."

அவள் கத்திரிக்கோலைப் பிடித்த பிடியில் பிள்ளையின் காதையே வெட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம். ஜெயமலர் அவள் கைக்கு மேல் தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பிடி முடி விழும்போதும் தலைக்கு மேல் ஏதோ விழப்போகிறது என்பது போல இராக்கம்மா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். கூரைத் தகரத்தில் மழை பெய்தது. வேறொன்றும் விழவில்லை. கடைசிப் பிடியை அவளே குப்பை வாளியில் போட்டாள். போட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. முடியை வெட்டினவுடன் பிள்ளை எழுந்து உட்கார்ந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டுபோனோம். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். மாசிலாமணி கவ்வாத்துக் கத்தியோடு அப்படியே வந்திருந்தான். வாசலில் கத்தியை வாங்கி வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். வேண்டுதல் கதையைக் கேட்டதும் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போயி அங்க வேண்டினதுக்குத்தான் ஆண்டவரு நம்மள இப்பிடி அடிக்கிறாரு" என்றான். பரம்பரை வேதக்காரன் பேசுகிற பேச்சு!

இராக்கம்மா அவனை எதிர்த்துப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அப்பிடிச் சொல்லாதீங்க. புள்ள பொழைக்கட்டும், பொழைக்காமப் போகட்டும், அவரு அடிச்சாருன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் இத்தன வருசமா அதையே நெனச்சு நெனச்சுத்தான் இவளக் கொண்டாந்து இங்க படுக்க வச்சிருக்கேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணப் பார்த்தாள். "அடிச்சிறாதீங்க" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு, "கூட இருங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிள்ளை பிழைத்தது. மொட்டைத் தலையும் மருந்துக் கட்டுமாக லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் லயத்துச் சனமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனது, பூசாரியும்தான்.

அதற்காக இராக்கம்மா அன்றே புது மனுஷி ஆகிவிட்டாள் என்று எழுதினால் அது புளுகு. முனியாண்டி மரத்தடியில் கால் பின்னத்தான் செய்தது. ஜெபத்தில் பழைய சொல்தான் முந்திக்கொண்டு வந்தது. கொழுந்துக்குப் புதிதாக வந்தவளின் விரல் முற்றின இலைக்கே போகும். திட்டு வாங்கி வாங்கி, திரும்பத் திரும்ப எடுத்துத்தான் விரல் பழகும். அவள் மனசும் அப்படித்தான் பழகியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஆரம்பிப்பதும், நிறுத்துவதும், வேறு மாதிரி ஆரம்பிப்பதும் எனக்குக் கேட்கும்.

முடி மறுபடி வளர்ந்து தோளைத் தொட்ட சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபவீட்டுக்குப் புறப்பட அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"அம்மா, இந்த முடி யாரோடது?"

இராக்கம்மாவின் கை நின்றது. முகத்தில் அந்தப் பழைய வெளுப்பு ஓடி மறைந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் வானத்தைப் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை.

"ஒன்னோடதுதான்டி" என்றாள்.

"அப்ப வெட்டிக்கிறவா?"

கேட்டதோடு நிற்கவில்லை கழுதை. மூலையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்து, நாங்கள் எட்டிப் பிடிப்பதற்குள் முன்முடியைக் கோணல்மாணலாக நறுக்கிவிட்டாள். முடி தாயின் மடியில் விழுந்தது. இராக்கம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கழுத்து உள்ளே போனது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே கோணல் முடியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். மடியிலிருந்த முடியைத் தட்டிவிட்டு எழுந்து, "வா, ஜெபத்துக்கு நேரமாச்சு" என்று அந்தக் கோணல் தலையோடேயே பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.