ஞான நூல் அலமாரியில் பத்தொன்பது சம்மனசுகள்

படிப்பகம் காப்பவனுக்கு இரண்டே வேலை: புத்தகங்களை எண்ணுவது, யார் எதை எடுத்தார்கள் என்பதை வெளியே சொல்லாமல் இருப்பது. முதலாவது சுலபம். இரண்டாவதன் கனம், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிப் பழகிய உங்களைப் போன்ற படிப்பகக்காரர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் கொடைக்கானலில் எங்கள் கோயில் படிப்பகத்தில் இருந்தவர்கள்: பங்குச் சாமியார், பங்குப் பேரவைச் செயலர் அருளப்பன், அவர் மனைவி மரியபுஷ்பம், மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் செலின் டீச்சர், நர்ஸ் ஜெயந்தி, மன்னவனூர் சின்னச்சாமி, நான். ஆக ஏழு பேர். வாசலில் மழையில் நனைந்த ஒரு நாயும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முடிவாக வேண்டியது ஒன்றுதான். இந்த அறை படிப்பகமாக இருக்குமா, கோயில் நாற்காலிகளை அடுக்கும் கிடங்காகுமா? மாதம் முப்பது பேராவது வராவிட்டால் கிடங்குதான் என்று பேரவை முன்பே சொல்லியிருந்தது. அப்போது நான் எண்ணிய மாதத்தில் வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இருபத்திரண்டு வருடமாகத் திறந்து பூட்டும் அறை இது. எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த ஞாயிறு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

அட்டையைப் பார்த்து அடுக்கியது

இங்கே பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த வெளிநாட்டு டீச்சரம்மா ஊர் திரும்பும்போது, தன் கதைப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு எங்கள் படிப்பகத்துக்கு அனுப்பி வைத்தார். எண்ணினேன். நாற்பத்தாறு. எல்லாம் ஆங்கிலம். நான் எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துவிடும். அதனால் அட்டையைப் பார்த்து அலமாரி பிரிப்பது என் வழக்கம். கப்பல் இருந்தால் வரலாறு, மீன் இருந்தால் சமையல். பெரிய தவறு எதுவும் வந்ததில்லை.

இந்தப் பெட்டியில் இறக்கை வைத்த ஆட்கள் பத்தொன்பது அட்டையில் இருந்தார்கள். தேவதூதர்கள், எங்கள் பேச்சில் சம்மனசுகள், என்று ஞான நூல் அலமாரியில் வைத்தேன். ஒருவருக்கும் சட்டை இல்லை என்பதைக் கவனிக்காமல் இல்லை. அம்பு பாய்ந்த புனித செபஸ்தியாருக்கும் சட்டை கிடையாதே என்று சமாதானம் செய்துகொண்டேன். இருபத்தொரு அட்டையில் ரத்தத் துளி. வெளுத்த முகத்து ஆள் ஒருவர் பெண்ணின் கழுத்தருகே குனிந்திருந்தார். நாடி பார்க்கிறார் என்று நினைத்து மருத்துவ அலமாரியில் வைத்தேன். மீதி ஆறில் ஓநாய். அவை கால்நடை வளர்ப்புக்குப் போயின. பெட்டியைக் கொண்டுவந்த பள்ளி வேன் டிரைவர் நான் அடுக்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சூசை அய்யா, எதுக்கும் யாரையாவது ஒருதடவ வாசிக்கச் சொல்லிப் பாருங்க."

செலின் டீச்சரின் செய்தித்தாள் பொட்டலம்

செலின் டீச்சருக்கு அறுபத்து மூன்று வயது. கலியாணம் செய்துகொள்ளவில்லை. காவல் சம்மனசுகளின் திருநாளுக்குப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று, ஞான நூல் அலமாரியிலிருந்து தடிமனான ஒன்றை எடுத்துப் போனார். மூன்றாம் நாள் வந்தார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டியிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

கதை இதுதானாம்: காவலுக்கு வந்த சம்மனசு, காவல் காக்க வேண்டிய பெண்ணிடமே மனதைக் கொடுத்துவிடுகிறது. அவளுக்காக இறக்கையையே கழற்றி வைக்கிறது. அவள் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். கழற்றிய பிறகு நடப்பதை டீச்சர் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அலமாரிப் பக்கம் திரும்பினேன். ஞான நூல் அலமாரியில் இன்னும் பதினெட்டு நிற்கிறது, எல்லாம் என் கையால் வைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். டீச்சர் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு மேல பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது. ரெண்டாம் பாகம் இருக்கா?"

நாடி பார்க்கிறவர்

அன்றே எல்லாவற்றையும் இறக்கியிருக்க வேண்டும். இறக்கவில்லை. அந்த வாரம் வந்தவர்கள் இருபத்துமூன்று பேர்; ஒருவர்கூட மழைக்கு ஒதுங்கியவர் இல்லை.

பேத்துப்பாறையிலிருந்து தினம் பஸ்ஸில் ஆஸ்பத்திரி வேலைக்கு வருபவர் ஜெயந்தி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மருத்துவ அலமாரிப் பக்கம் போனவர், ஒரே மாதத்தில் ஒன்பது புத்தகம் முடித்தார். படிப்பில் இத்தனை அக்கறையா என்று பாராட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் வாசல் நாய் எழுந்து போய்விட்டது. பிறகு விளக்கினார். அட்டையில் குனிந்திருப்பவர் டாக்டர் இல்லை. செத்துப்போய் முந்நூறு வருடம் ஆனவர். மனித ரத்தம் குடித்து நடமாடுகிறவர். அந்தப் பெண் அவரைக் காதலிக்கிறாள், தெரிந்தே.

ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க ரத்தம் பார்க்கிறவருக்கு வீட்டுக்குப் போயும் ரத்தமா என்று மட்டும் கேட்டேன். ஜெயந்தி பையைத் தோளில் மாட்டியபடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்க வீட்டுக்காரரு அடுத்த ரூம்ல உக்காந்து காப்பின்னு சத்தம் குடுப்பாரு. இவன் ஒருத்திக்காக முந்நூறு வருஷம் காத்துக் கெடக்கான் அய்யா. கழுத்தக் கடிக்கிறதுக்குக்கூட அவகிட்ட சம்மதம் கேட்டுட்டுத்தான் கடிக்கிறான்."

அன்று வீட்டுக்குப் போனதும், என் காப்பியை நானே போட்டுக்கொண்டேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ச்சலா என்று கேட்டாள்.

மன்னவனூர்ப் பூண்டு

சின்னச்சாமி மன்னவனூரில் பூண்டு போடுகிறவர். பத்து ஆடும் உண்டு. ஓநாய் அட்டையைப் பார்த்து, ஆட்டுக்கு உதவும் என்று ஒன்றைக் கேட்டார். காலேஜ் முடித்த மகள் வாசித்துச் சொல்லுவாள் என்று கொடுத்து அனுப்பினேன். அந்தப் பெண் அதை ஒரே மூச்சில் முடித்தாள். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். அப்பாவின் காய்கறி வண்டியில் சீட்டு எழுதி அனுப்பி, மருத்துவ அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்தாள்.

ஒரு நாள் சின்னச்சாமி நேரில் வந்து என் எதிரே உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது. மூன்று இடத்து மாப்பிள்ளையை மகள் வேண்டாம் என்றுவிட்டாளாம். காத்திருக்கத் தெரியாதவன் என்றாளாம் ஒருவனை. ஒரு குடும்பத்தின் சம்பந்தம் என் மருத்துவ அலமாரியில் சிக்கிக் கிடக்கிறது. ரத்தம் குடிக்கிறவனுக்குப் பூண்டு என்றால் ஆகாது என்று ஜெயந்தி சொல்லியிருந்தார். அதைச் சொல்லி அவருக்குத் தைரியம் கொடுக்கப் பார்த்தேன். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்: "அதுதான் அய்யா வெனையே. பூண்டு மூட்டைய வீட்டுக்குள்ள வைக்காத, வெளிய தூக்கிப் போடுங்கிறா."

பதிவேடு

அருளப்பன் ஒரு காலையில் மனைவியின் செபப்புத்தக உறையைத் திறந்திருக்கிறார். உள்ளே செபப்புத்தகம் இல்லை. சட்டை போடாத சம்மனசு இருந்தது. நேரே சாமியாரிடம் போனார். நாற்பத்தாறும் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வர வேண்டும், கேவலமென்று தெரிந்தால் படிப்பகத்தையே பூட்டிவிடலாம் என்று ஏற்பாடாயிற்று. எல்லாரும் புத்தகத்தைத் திருப்புங்கள் என்று பூசையில் அறிவித்தார்கள். ஒருவரும் திருப்பவில்லை. இனிமேல் கிடைக்காது என்று பயந்து, அலமாரியில் நின்ற மிச்சத்தையும் ஓநாய் உட்பட எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆக மேசையில் இருந்தது ஒன்றே ஒன்று: மரியபுஷ்பத்தின் உறையிலிருந்து பிடிபட்டது. மீதி யாரிடம் என்று அருளப்பன் கேட்டார். எடுத்தவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். செலின் டீச்சர் தரையைப் பார்த்தார். ஜெயந்தி பஸ் நேரத்தைப் பார்த்தார். புகார் சொல்ல வந்த சின்னச்சாமியோ, கடைசிப் பாகத்தைக் கேட்டு வாங்கி வரும்படி மகள் சொல்லி அனுப்பியதாக என்னிடம் கிசுகிசுத்தார்.

எனக்குக் கூட்டத்தில் குரல் வராது. அன்று வந்தது. இந்தப் பதிவேட்டை இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் வாசித்ததில்லை, வாசிக்க வேண்டுமென்றால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சாவிக்கொத்தை மேசையில் வைத்தேன். சாமியார் அதைத் தொடவில்லை. பதிவேட்டை மட்டும் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்து, மனசுக்குள் வாசித்தார். முதலில் அந்த மாதம் வந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டார். அறுபத்து நாலு என்றேன். பிறகு கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. நாலாவது வரியிலும் பதினோராவது வரியிலும் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்று அருளப்பனிடம் கேட்டார். அது யாருடையது என்று எனக்கு முன்பே தெரியும். நான்தான் பேனா கொடுத்தேன்.

அருளப்பன் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "ஆதாரத்துக்காக எடுத்தேன் சாமி," என்றார். "ரெண்டு பாகம் ஆச்சு. ஆதாரம் இன்னும் முடியல."

சம்மனசுகளை ஞான நூல்களோடு வைத்தது தவறு, அதை மட்டும் திருத்தச் சொன்னார் சாமியார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நாற்காலிகள் மணிக்கூண்டின் அடியில் இருக்கட்டும். சாவியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். கடைசியாகக் கிளம்பிய மரியபுஷ்பம் வாசலில் நின்று கணவருக்குக் கேட்கும்படியே என்னிடம் சொன்னார்: "அந்த ரெண்டாம் பாகத்த மூணு வாரமா நான்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

இருபத்திரண்டு வருடம் புனிதர்களைத் தூசி தட்டி அடுக்கியும் நிலைக்காத இந்த அறையை, இறக்கை கழற்றியவர்களும் ரத்தம் குடிக்கிறவர்களும் ஆறு ஓநாய்களும் சேர்ந்து நிலைநிறுத்திவிட்டார்கள். நான் கதவைப் பூட்டும்போது அலமாரியில் மிச்சம், உறையில் பிடிபட்ட அந்த ஒன்று.