பஞ்சு மெத்தையில் முப்பது குஞ்சுகள்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோணல். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. என் தாளை அச்சுக்கு ஏற்றும் பத்திரிகை ஆபீஸ்காரர்களுக்கு வாராவாரம் தலைவலி. போன வாரம் அவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டேன் — எழுதவில்லை. காரணம் இதுதான்.

என் மனைவி செல்வி முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினாள். ஷெட்டில் சிமெண்டுத் தரை. "குஞ்சுக்குக் கால் வழுக்கும், குளிரும் ஏறும். கடலை மில்லுல கேட்டு, தொலி ரெண்டு சாக்கு வாங்கிட்டு வாங்க" என்றாள். தொலி என்றால் உடைத்த கடலையின் ஓடு; தரையில் விரிக்க.

கேட்டு வாங்கணும்... அங்கேதான் சிக்கல். பாலவனத்தம் பக்கம் அந்த மில்லில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து பருப்புப் பொறுக்குவார்கள். அவர்கள் முன்னால் வாய் திறப்பதா? பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்!

எனக்கு வேலை அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில். கழிவுப் பஞ்சை எடுத்துக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். ரெண்டு சாக்கு கொண்டுவந்து, வெள்ளை வெளேரென்று விரித்தேன்.

செல்வி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "கோழிக்கு மெத்தையா? எனக்கு இன்னும் கோரைப் பாய்தான்."

மெத்தை ரெண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் காலை ஷெட்டுக்குள் ஒரே கீச்சல். பஞ்சோடு கிடந்த நூல் பிசிறு காலில் சுற்றி, நாலைந்து குஞ்சுகள் ஒன்றோடொன்று பிணைந்து உருண்டுகொண்டிருந்தன. நானும் செல்வியும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தோம்.

பக்கத்து வீட்டு மதினி சுவர் வழியே எட்டிப் பார்த்தார். "ஏன் கொழுந்தனாரே, இம்புட்டுப் பிள்ளைகளுக்கு இப்பவே கால்கட்டுப் போட்டுட்டீகளா?"

செல்வி சிரிக்கவில்லை. அவள் மடியில் ஒரு குஞ்சு தலையைத் தொங்கப்போட்டிருந்தது. பஞ்சை இரையென்று விழுங்கி, இரைப்பை கல்லு மாதிரி. "இது பிழைக்காட்டி எங்கிட்டப் பேசாதீக" என்று சொல்லி, அதன் வாயில் எண்ணெயைச் சொட்டு விட்டு இரைப்பையை நீவத் தொடங்கினாள்.

வண்டியை எடுத்தேன்.

கடலை மில் வாசலில் கால் மணி நேரம் நின்றேன். ஒரு பெண் பார்த்துவிட்டாள். "என்னண்ணே வேணும்?"

"ஒண்ணுமில்ல... சும்மா."

வண்டியைத் திருப்பியேவிட்டேன்! பாதி வழியில்தான், வெறும் சாக்கோடு செல்வி முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மில்லே மேல். மறுபடியும் திருப்பினேன்.

"கடலைத் தொலி வேணும். கோழிக்குஞ்சு படுக்க." ஒரே மூச்சு.

"இதக் கேக்கவா ரெண்டு தடவ வந்தீக? பொண்ணு கேட்டு வந்த ஆளுன்னுல்ல நெனச்சோம்!"

பத்துப் பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர்களே சாக்கை நிரப்பினார்கள். ஒருத்தி ஒரு பிடி அள்ளி நீட்டினாள். "மோந்து பாருங்க. பூசண வாடை அடிச்சா விரிக்கக் கூடாது. கையில வச்சு அமுக்குங்க... விட்டா உதிரணும். உருண்டையா நின்னா ஈரம்."

கூச்சப்படுகிறவன் தன் கஷ்டத்தைத் தானே பட்டுக்கொள்கிறான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பாவம், அந்தக் குஞ்சு என்ன செய்தது?

மறுநாள் காலை, புதுத் தொலி மேல் அது எழுந்து நின்றது. நின்று, எச்சம் போட்டது. அதில் ஒரு பஞ்சுத் துணுக்கு. கோழி எச்சத்தைப் பார்த்து ரெண்டு பேர் கைதட்டியது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

செல்வி பேசிவிட்டாள். "தவிடு தீந்துருச்சு. ரைஸ் மில்லுல நீங்களே போயிக் கேளுங்க."

போனேன். கேட்டேன். ஒரே தடவையில்.

உங்களிடம் சொல்லத்தான் பதினோரு நாள் கூச்சம். எழுதியது — ஐப்பசி நாலு, செவ்வாய்க்கிழமை.