செவ்வாய்க்கிழமைகளில் நின்ற கார்

ஓடிக்கொண்டிருந்த பழைய கார் பெற்றோல் வராமல் நின்றால், இன்றைய பையன்கள் உடனே பம்ப், பில்டர், காபரேட்டர் என்று கழற்ற ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் கழற்றினேன். கழற்றி மூக்குடைபட்ட கதை இது.

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் டீச்சர் ஒருவரின் மொரிஸ் மைனர். ஓய்வுபெறும்வரை அந்தக் காரில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார். இப்போது சந்தைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டம். செவ்வாய்க்கிழமை மட்டும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்வரை போவார். வீட்டில் பிள்ளையார், செவ்வாயில் அந்தோனியார். வழியில் கோல்பேஸ் கடற்கரையைத் தாண்டுவதற்குள் கார் நின்றுவிடும். என் கராஜ் கொட்டாஞ்சேனையில். போன் வரும். ஆட்டோ பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகி நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் காபரேட்டரைச் சுத்தம் செய்தேன். அடுத்த தடவை பம்ப்புக்கு டயபிரம் மாற்றினேன். பிறகு டாங்க்கிலிருந்து வரும் பெற்றோல் குழாயையே மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் காரைக் கழுவி, நீர்கொழும்பு வீதியில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். அருமையாக ஓடியது. செவ்வாய் வந்ததும் கோல்பேஸில் படுத்தது.

கடைசியாக டீச்சரின் கணவரும் கராஜுக்கு வந்தார்.

"செல்வம், இனி ஒருக்கா நிண்டா வித்துப்போடுவன். களனியில ஒருத்தன் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

"வண்டியத்தானே சேர், டீச்சர இல்லையே?"

"அவவும் காரோட போயிடுவா எண்டுதான் இவ்வளவு நாளும் விக்கேல்ல."

டீச்சர் சிரிக்கவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றார்.

அடுத்த செவ்வாய் வெள்ளவத்தையிலிருந்து நானும் அந்தக் காரில் ஏறினேன். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால், "அவசரமெண்டா மேலால போகட்டும்" என்பார் டீச்சர். கோல்பேஸில் இன்ஜின் இருமியது. நின்றது. சாவி போட்டபடி இருந்தும் பம்ப்பில் டிக் என்ற சத்தம்கூட இல்லை.

"பெற்றோல் இருக்கா டீச்சர்?"

"நேத்துத்தான் அடிச்சனான். என்னையே சந்தேகப்படுறாய்?"

ஓம், சந்தேகப்பட்டேன். பின்னால் போய் டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. முன்னால் பம்ப் படபடவென்று அடித்தது. டீச்சர் ஸ்டார்ட் பண்ணினார். பிடித்துக்கொண்டது.

கையிலிருந்த மூடியைப் பார்த்தேன்.

"டீச்சர், இது என்ன?"

"சந்தனம்."

"அது தெரியுது. பெற்றோல் மூடியில எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை பூசைக்கு வைக்கிறனான். தட்டுப்பாடு வந்து பெற்றோலுக்கு லைனில நிண்ட காலத்தில துவங்கினது. டாங்க் வறளக்கூடாதெல்லே?"

"அது வறளல டீச்சர். மூச்சு முட்டிப்போய்க் கெடக்குது."

அந்த லைன் காலத்தில் அசல் மூடியை யாரோ களவெடுத்துவிட்டார்கள். லேத்தில் கடைந்த பித்தளை மூடிதான் இப்போது இருப்பது. நட்டநடுவில் ஊசித்துளை அளவு ஓட்டை. பெற்றோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது. கொஞ்சநேரம் விட்டால் இடுக்கால் காற்றுக் கசிந்து மறுபடி ஓடும். கராஜில் கழுவும்போது சந்தனம் போய்விடும். வெள்ளிக்கிழமை புதிதாக ஏறும். சந்தைக்குப் போகும் கிட்டத்து ஓட்டத்தில் தெரியாது, செவ்வாயின் நீண்ட ஓட்டத்தில்தான் மூச்சு முட்டும். அந்தப் பொட்டை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். எங்கள் ஆட்களின் காரில் பொட்டைக் கண்டு எவன் யோசிப்பான்?

"ஐயோ செல்வம், கார் நிக்குது நிக்குது எண்டு கிழமைக்குக் கிழமை தடிப்பாயெல்லே வச்சனான்!"

"பிள்ளையாருக்கும் அந்தோனியாருக்கும் நடுவுல என் உயிர்தான் போகுது."

"வீட்டில இவருக்குச் சொல்லிப்போடாத. இனி சத்தியமா வைக்கமாட்டன்."

நான் நம்பவில்லை. கராஜுக்குக் கொண்டுபோய், மூடியின் ஓரத்தில், விரல் எட்டாத அடிப்பக்கமாக இன்னொரு துளை போட்டேன்.

அடுத்த செவ்வாய் போன் வரவில்லை. கோயில் முடிந்து டீச்சரே காரைக் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் கணவர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

"களனிக்காரனுக்கு இல்லையெண்டு சொல்லியாச்சு" என்றார், ஏதோ நான் குற்றம் செய்ததுபோல.

பின்னால் போய்ப் பார்த்தேன். மூடியின் நட்டநடுவில் சந்தனம், முன்பைவிடப் பெரிதாக. அதன்மேல் குங்குமம் வேறு. டீச்சர் பக்கத்து ஜன்னலில் குனிந்து, கணவருக்குக் கேட்காமல் சொன்னேன்.

"டீச்சர், வைக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க!"

"ஓடுதெல்லே?" என்று கியரைப் போட்டார்.

தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன். பம்ப்பைக் கழற்றுமுன், வீட்டில் அந்த வண்டிக்கு என்ன செய்கிறார்கள் என்று கேள். தெரிந்ததும் அவர்களைத் திருத்தப் போகாதே. இன்னொரு துளை போடு.